கம்பளிக்காரர் வர்ற நேரம்

கர்ர்ர்... கர்ர்ர்...

யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல இருட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கூடவே ஜன்னலில் பளிச் பளிச்சென்று வெள்ளை வெளிச்சம்.

கைக்குழந்தை ஆஸ்மாவை மார்போடு அணைத்துக்கொண்டு புருஷனுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, கேமரா லைட்டு மறுபடியும் அடிக்குதுங்க."

"பெல்ட்டு ஓடுதா?"

"இல்லைங்க. வேலை முடிஞ்சு எல்லாரும் எப்பவோ போய்ட்டாங்க."

"லேப்டாப்ல நம்பர் ஏறுதா பாரு, காஷிஃபா."

ஏறிக்கொண்டிருந்தது.

மலைமேல் புதூர்நாட்டில் இந்தப் புளிக் கொட்டகைக்குக் கேமரா மாட்ட வந்தவர் என் வீட்டுக்காரர் ஃபுர்கான். கொட்டகையை ஒட்டிய அறைதான் எங்களுக்கு வீடு. பெல்ட்டில் போகும் புளியைக் கேமரா படம் பிடிக்கும். கொட்டையோ ஓடோ தெரிந்தால் காற்றுக்குழாய் அதை ஊதித் தள்ளும். பெல்ட்டின்மேல் ஒரு சின்ன ரப்பர் சக்கரம் உட்கார்ந்திருக்கும். என்கோடர் என்பார். பெல்ட்டு எவ்வளவு நகர்ந்தது என்று கேமராவுக்குச் சொல்வது அதுதான். அது சுற்றினால் லைட் அடிக்கும், கேமரா படம் எடுக்கும். அது நின்றால் எல்லாம் நிற்கும்.

நிற்கவில்லையே! தினமும் இருட்டியதும் இதே கூத்து. பெல்ட்டு நிற்கும்போது நம்பர் ஏறினால், மேலே கிடக்கும் புளி நகர்ந்துவிட்டதாகக் கேமரா நம்பிவிடும். காலையில் நல்ல புளியை ஊதித் தள்ளிவிட்டு, கொட்டையைப் பாக்கெட்டுக்கு அனுப்பும்.

"நாளைக்கும் இப்படியே ஆச்சுன்னா மிஷினைக் கழட்டிக்கினு போய்டுங்க" என்று சொல்லிவிட்டார் முதலாளி நசருல்லா பாய். மிஷின் போனால் இவர் வேலையும் போகும். சக்கரத்தில்தான் கோளாறு என்று, கூரியரில் வந்த புதுசை எடுக்க வாணியம்பாடி போனவர், திரும்பும்போது ஆலங்காயத்தில் ஜீப் கிடைக்காமல் மாட்டிக்கொண்டார்.

"சக்கரம் தானா சுத்தாதுங்க. யாரோ கை வைக்கிறாங்க."

"யாரு வைப்பா?"

எனக்குத் தெரியும். பக்கத்துக் குடிசையில் தனியாக இருக்கும் மங்கம்மாள். கொட்டகையில்தான் வேலை. தினமும் போகும்போது என் வாசலில் நின்று, "இருட்டுனா வெளிய வராத பாப்பா. கம்பளிக்காரரு வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

எங்கள் வாணியம்பாடித் தெருவிலும் கம்பளிக்காரர்கள் வருவார்கள். சைக்கிளில், பட்டப்பகலில், போர்வை விற்க. இருட்டியபின் தனியாக இருக்கும் பெண்ணைத் தேடி வருகிறவரை இங்கேதான் கேள்விப்படுகிறேன். கான்வென்ட்டில் வளர்ந்தவளுக்கு அதைக் கேட்கவே கூசியது.

"கேமரா லைட்டை அடிச்சு ஆளைக் கூப்பிடுதுங்க அந்தப் பொம்பளை."

"சேச்சே, தப்பா பேசாத."

"வீடியோ எடுத்து பாய்கிட்ட காட்டறேன். அப்ப தெரியும்."

"காஷிஃபா, இந்நேரத்துல வெளிய..."

வைத்துவிட்டேன். பயம்தான். ஆனால் அவர் வேலை?

ஆஸ்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

மங்கம்மாளேதான். சக்கரத்தைப் பெல்ட்டிலிருந்து தூக்கிப் பிடித்து, விரலால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கள் வாசல், பாத்ரூம், பலாமரம் எல்லாம் பளிச்சென்று தெரிந்து மறைந்தன.

"யாருக்குக்கா லைட்டு காட்டறீங்க?"

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. "ஐயோ பாப்பா, நீ இன்னாத்துக்கு வெளிய வந்த? கொழந்தைய வேற தூக்கிக்கினு!"

"யாருக்குன்னு கேட்டேன்."

"கம்பளிக்காரருக்குத்தான்."

"வெக்கமா இல்லை?"

"எனக்கு இன்னாத்துக்கு வெக்கம்? தெனம் பலாப்பழம் திருடித் திங்க வர்றாரே, அவருக்கில்ல இருக்கணும்!"

"பழம் வேற குடுத்து விருந்தா?"

"நான் எங்க குடுத்தேன்? அவரே மரமேறிப் பிச்சிக்கிறாரு."

"இப்படி லைட்டைக் காட்டிக் கூப்பிட்டா வராம இன்னா பண்ணுவாரு?"

மங்கம்மாள் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

"கூப்புடறனா? தொரத்தறேன் பாப்பா! கொழந்த துணி அலச நீ பாத்ரூமுக்குப் போவ இல்ல, அந்த நேரமா பாத்துத்தான் அவரும் வர்றாரு. வெளிச்சம் கண்ணுல அடிச்சா நவுந்துடுவாரு."

சக்கரத்தைத் தட்டினாள். பளிச்.

பலாமரத்தடியில், உடம்பு முழுக்கக் கறுப்புக் கம்பளியோடு, இரண்டு காலில் நிமிர்ந்து நின்றார் அவர்.

"க... கரடி!"

மங்கம்மாக்கா என் வாயைப் பொத்தினார். "இருட்டுல பேரச் சொல்லாத! இப்ப நீதான் கூப்புடற!"

"ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?"

"தெனம் சொல்லிக்கினுதான இருக்கேன்?"

அப்போதுதான் அக்கா கையைப் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அவர் விரல் நுனி தோலுரிந்து சிவந்திருந்தது. கொட்டகைக்கு இந்தப் பக்கம் சுவரே கிடையாது.

"நீ உள்ள போ பாப்பா. அவரு போற வரைக்கும் நான் சுத்தினு இருக்கேன்."

"நீங்களும் வாங்க."

ஆஸ்மாவை அவர் தோளில் சாய்த்தேன். கடைசியாக ஒரு தடவை சக்கரத்தைப் பலமாகச் சுற்றிவிட்டார். பளிச் பளிச்சென்று லைட் அடிக்க, புதர் சலசலத்தது. அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைக்குள் ஓடிவந்தேன்.

போன் அடித்தது.

"இன்னா ஆச்சு? ஆளைப் பிடிச்சியா?"

"பிடிச்சுட்டேங்க. உங்க சக்கரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பாய்கிட்ட நானே சொல்றேன். வாசலுக்கு ஒரு பெரிய லைட்டு மட்டும் வாங்கிக்கினு வாங்க."

"ஆளை இன்னா பண்ணே?"

ஆஸ்மா மங்கம்மாக்கா தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

"விடமாட்டேங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.