இடம் மாறிய வார்டு

மதிய வெயில் பழைய வார்டின் நீளச் சன்னல்கள் வழியே வெறும் கட்டில்கள் மேல் விழுந்து கிடக்கிறது. வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கையுமாகத் தச்சர் பன்னிரண்டாம் கட்டிலருகே நிற்கிறார். மூன்று வாரமாக அவர் மனைவி எழ முடியாமல் படுத்திருந்த மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். "எல்லாரையும் புதுக் கட்டடத்துக்கு மாத்தியாச்சுங்க. இது நூறு வருசக் கட்டடம், இடிக்கப் போறாங்க" என்கிறாள் தரை கூட்டுகிறவள். புதுக் கட்டடத்தில் பெயின்ட் வாசனை. எல்லாக் கதவும் ஒன்றுபோலவே இருக்கிறது. அங்கே பன்னிரண்டாம் கட்டிலில் வேறு யாரோ ஒருத்தி தூங்குகிறாள். தலையணை தலையணையாகப் பார்த்தபடி வார்டை இரண்டு தடவை சுற்றுகிறார். "என்னங்க, என்னைத் தாண்டித் தாண்டிப் போறீங்க?" திரும்புகிறார். சன்னலோரம் தலைவாரிக்கொண்டு, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள் மனைவி. படுத்திருப்பவளையே தேடி வந்தவர் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு அவளருகே உட்காருகிறார்.