மூன்றாவது அக்கவுண்ட்

இருபது வருடமாக எங்கள் வீட்டில் படம் எடுப்பவள் நான்தான். அதனால் ஒரு படத்தில்கூட நான் கிடையாது. "நீ எடுத்தாத்தான் தலை வெட்டுப்படாம வரும்" என்பார் என் கணவர் ரெங்கராஜ்.

வீட்டிலிருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் மூன்று பேருக்கும் தனித்தனி அக்கவுண்ட். படங்கள் எல்லாம் அவருடையதில் இருந்தன. போன ஞாயிறு மகள் கனிஷ்கா அவற்றைப் பொது ஃபோல்டருக்கு மாற்றினாள். "இனிமே யார் அக்கவுண்ட்ல திறந்தாலும் இதே படம்தாம்மா" என்றாள்.

என்னுடையதில் திறந்தேன். அரியமங்கலத்துக் கல்யாணப் படத்தில் அவருக்கும் கனிஷ்காவுக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன். பச்சைமலைப் படத்தில் பஸ் படிக்கட்டில் நான். கனிஷ்காவின் முதல் பிறந்தநாளில் அவளை இடுப்பில் வைத்திருந்தேன்.

அவர் தன் அக்கவுண்டில் பார்த்தார். அங்கே நான் இல்லை. மறுபடி என்னுடையதைப் பார்த்தார். "அப்ப இதையெல்லாம் யாரு எடுத்தது?" என்றார்.

"யாரு எடுத்தா என்னங்க? ஒரு தலையும் வெட்டுப்படல, பாருங்க" என்றேன்.

நேற்றுக் காலை அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். வழக்கம்போல அவரும் கனிஷ்காவும் சேர்ந்து நின்று, நான் படம் எடுக்கக் காத்திருந்தார்கள். என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நேராகப் போய் நடுவில் நின்றேன். எதிரே ஆளில்லாத படியைப் பார்த்துச் சிரித்தேன். இருவரும் அதே படியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய அக்கவுண்டைத்தான் முதலில் திறந்தேன். படித்துறைப் படம் வந்திருந்தது. மூன்று பேர். நடுவில் நான்.