முப்பத்திரண்டு கும்பிடு

"அண்ணே, மெயில் வந்துருச்சு! பெருவுல இருந்து!"

செய்கு அலாவுதீன் போட்ட சத்தத்தில், மேல்கட்டிலில் படுத்திருந்த முனியசாமி விருட்டென்று எழுந்து தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார். வலி உறைக்கவில்லை. ஆறு மாதமாக அவர் காத்திருந்த மெயில் அது.

துபாய் கராமாவில் அந்த ஒற்றை அறையில் ஆறு பேர். மற்ற நால்வரும் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்தில் வெளியே போயிருந்தார்கள். மொபைல் கடையில் நிற்கும் அலாவுதீனுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. அதனால் பெருக்காரர்கள் விலாசம் கேட்டபோது முனியசாமி அவனுடைய மெயிலைத்தான் கொடுத்திருந்தார்.

"வாசிக்கட்டுமாண்ணே?"

"இரு, இரு. கனகாவ லைன்ல போடுறேன். அவ காதால கேக்கட்டும்."

முனியசாமிக்குப் பன்னிரண்டு வருஷமாகத் துபாயில் சோலார் வேலை. போன டிசம்பருக்கு முன்னால் கம்பெனியில் தன்னார்வலர்களைக் கேட்டார்கள். பெரு நாட்டில் மலைமேல் டிட்டிகாக்கா என்று ஓர் ஏரி. அதன் கரையில் கரன்ட் கம்பியே எட்டாத வீடுகளுக்கு சோலார் மாட்டித் தரவேண்டும். டிக்கெட் அவர்களுடையது, லீவு நம்முடையது. கேட்டு வாய் மூடுவதற்குள் முனியசாமி கையைத் தூக்கிவிட்டார். தூக்கியபிறகுதான் கனகாவுக்குச் சொன்னார்.

"பெத்த புள்ளையப் பாக்க வராம, அந்தக் காக்கா ஏரிக்கு லைட்டு போடப் போறீகளா?" என்று கேட்டவள், அன்றிலிருந்து போனில் 'ம்', 'ம்ஹும்' தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

அவளைச் சமாதானப்படுத்த அவர் கையில் இருந்ததெல்லாம் பெருமை ஒன்றுதான். அதற்குப் பஞ்சமும் இல்லை. கடல்தாண்டி வந்த நம்மாட்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்ததைச் சொல்ல ஒரு மடங்கு தெம்பு வரும் என்றால், தெரியாததைச் சொல்லப் பத்து மடங்கு வரும். முனியசாமிக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

லைன் கிடைப்பதற்குள் நூறாவது தடவையாக ஆரம்பித்தார்.

"முப்பத்திரண்டு வீடுப்பா. கூட வந்த பசங்க வயர இழுத்தானுக. பேனல் மாட்டுனது பூராம் நானு. பேனலுன்னா தெக்க பாத்து ஒக்காரணும். கமுதியிலயும் அப்படித்தான், துபாயிலயும் அப்படித்தான். கண்ணக் கட்டிவிட்டாலும் தெக்கு எதுன்னு சொல்லிருவேன். மணல்காத்துக்கே அசையாத மாதிரி போல்ட்ட முறுக்கிட்டு வந்துருக்கேன். எவனும் தொட முடியாது."

"தெரியும்ணே. அந்தச் சாமி விஷயத்தச் சொல்லுங்க."

"அப்பப்பா, பக்தின்னா அது பக்தி! பேனல் ஏத்துறப்ப வீட்டுல உள்ள பெருசு சிறுசு எல்லாம் ஓடியாந்து, வடக்க மலைப்பக்கம் கையக் கையக் காட்டுவாக. கொலசாமி அங்கிட்டு இருக்கு போல. அவுக சாமி நமக்கும் சாமிதானேன்னு நானும் வடக்க திரும்பி ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போல்ட்ட முடுக்குவேன். ஒரு வீடு தப்பல. ஒரு கெழவி என் கையப் புடிச்சு அழுதே புட்டா."

திரையில் கனகா வந்தாள். "ம்" என்றாள்.

"பெருவுல இருந்து எனக்கு லெட்டர் வந்துருக்கு. கேளு. யல்லா, சீக்கிரம் வாசிப்பா."

அலாவுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழாக்கித் தமிழாக்கி வாசித்தான்.

"'அன்புள்ள முனியசாமி அவர்களுக்கு. எங்கள் ஊரில் உங்களை நினைக்காத வீடே இல்லை. தினமும் பொழுது சாய்ந்து விளக்கைப் போடும்போது எல்லோரும் உங்கள் பெயரைச் சொல்கிறோம்.'"

"கேட்டியா கனகா?"

"'நீங்கள் இன்னொரு முறை கட்டாயம் வரவேண்டும். யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம். உங்களைத் தவிர வேறு ஒருவராலும் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.'"

"அப்ப இந்த வருஷ லீவும் போச்சா?" என்றாள் கனகா. முனியசாமிக்குப் பக்கென்றது. ஆனால் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, போயிட்டு வாங்க. ஒரு ஊருக்கே வெளக்கேத்துன மனுசன்கிட்ட நாந்தான் கூறுகெட்டுப் போயி ஆறு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன். இன்னும் ஒரு வருஷம் நானும் புள்ளையும் பொறுத்துக்கிறோம்."

பெண்டாட்டி வாயால் இதைக் கேட்கத்தானே முனியசாமி இத்தனை நாள் தவம் கிடந்தார். "மீதிய வாசிப்பா. சத்தமா வாசி," என்றார்.

அலாவுதீனின் கண் அதற்குள் கடைசி வரி வரை ஓடிவிட்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"அண்ணே, அக்கா லைன்ல இருக்காங்க. மிச்சத்த அப்புறமா..."

"அவ கேக்கத்தானப்பா இம்புட்டும்! வாசிங்கிறேன்ல!"

வேறு வழியில்லாமல் அவன் வாசித்தான்.

"'குளிர்காலம் வந்ததிலிருந்து முப்பத்திரண்டு வீட்டிலும் விளக்கு அரை மணி நேரம்கூட எரிவதில்லை. நீங்கள் முறுக்கிய போல்ட்டைக் கழற்ற இந்த நாட்டில் ஆளும் இல்லை. பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு வெயில் வருவது வடக்கேயிருந்து. பேனலை அந்தப் பக்கம் திருப்புங்கள் என்று வீட்டுக்கு வீடு கையைக் காட்டிக் காட்டிக் கெஞ்சினோம். நீங்களோ ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தெற்கே பார்த்து மாட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.'"