பைப் கட்டர் வாங்க வந்தவர்

"ரம்பம் வேண்டாங்க. கட்டர் குடுங்க. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் 'கிளிக்'னு பல்லு ஏறுமே, அது."

எடுத்த ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரர் விழித்தார். குழாய்ச் சாமான் கடைக்கு ஒரு பெண்மணி தனியாக வருவதே அபூர்வம். வந்ததும் வராததுமாக இப்படிக் கேட்டால் யார்தான் விழிக்க மாட்டார்கள்?

கடையின் பின்பக்கம், அலமாரிக்கு அந்தப் புறம் குந்தி உட்கார்ந்து குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் எல்போ பொறுக்கிக்கொண்டிருந்த பிளம்பரின் கை அப்படியே நின்றது. தொழிலில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்சிய ஆள் கிடையாது. மிஞ்ச விடவும் மாட்டார்.

"ரம்பம்னா விலை கம்மிம்மா. ரெண்டும் ஒரே வேலைதானே?"

"அது எப்படிங்க ஒரே வேலை? ரம்பம் கொஞ்சம் அசந்தா கோணலா அறுக்கும். கோணலா அறுத்த பைப் எல்போவுக்குள்ள முழுசா போய் உட்காராது. பிசிறு வேற நிக்கும், அது பசையை வழிச்சுக்கிட்டுப் போயிடும். இன்னிக்கு ஒழுகாது. ஆறு மாசம் கழிச்சு, சுவத்துக்குள்ள ஒழுகும்."

பிளம்பருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து முன்னால் போயிருக்கலாம். ஆனால் கால் எழவில்லை, காது மட்டும் முன்னால் போனது.

கடைக்காரர் பெரிய பசை டின்னை எடுத்து வைத்தார். அந்தம்மா அதை அவர் பக்கமே தள்ளினார்.

"சின்ன டின்னா நாலு குடுங்க. திறந்து வெச்சாக் கெட்டியாயிடும். தேன் மாதிரி ஓடுற வரைக்கும்தான் பசை. கூழ் மாதிரி ஆயிட்டா குப்பைதான்."

"பிளம்பர் சொல்லி அனுப்பினாராம்மா?"

"பிளம்பரே கிடையாது. நானேதான் பூட்டப் போறேன்."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சோதித்துப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்க முடியவில்லை.

"சரி, பசை தடவியாச்சு. அப்புறம்?"

"உள்ள தள்ளி கால்வாசி சுத்து திருப்பணும். முப்பது எண்ணுற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தா பைப் தானா வெளிய வந்துடும். அதுக்கெல்லாம் முன்னாடி, பசையே இல்லாம எல்லாத்தையும் ஒரு தடவை கோத்துப் பார்த்து, சேர்ற இடத்துல பேனாவால கோடு போட்டுக்கணும். பேனா இருக்கா?"

கடைக்காரர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பிளம்பர் அலமாரி இடுக்கு வழியாகப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத் தொழில். எத்தனை கையாள்களுக்குத் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியிருப்பார்! ஒருவனாவது முப்பது வரைக்கும் எண்ணியிருப்பானா? பன்னிரண்டிலேயே கையை எடுத்துவிடுவான்கள். இந்தப் பெண்மணி பித்தளைத் திருகுமரை வைத்த எல்போவை வெளிச்சத்தில் தூக்கி, மரையை நகத்தால் வருடி, ஒன்றை ஒதுக்கினார். ஒதுக்கியதில் ஒரு பல் சப்பியிருந்தது. பிளம்பரும் தன்னையறியாமல் கையிலிருந்த எல்போவை நகத்தால் வருடிப் பார்த்தார்.

"அப்புறம், அந்த பிரஷர் பம்ப் வாடகைக்குக் கிடைக்குமா? சுவத்தைப் பூசுறதுக்கு முன்னாடி ஒரு நாள் அழுத்தம் ஏத்தி வெச்சுப் பார்க்கணும்."

பாதிப் பிளம்பர்கள் அந்தப் பம்ப்பைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

"எல்லாம் தெரியுது. ஆனாலும் நீங்க எதுக்கும்மா கஷ்டப்படணும்? ஒரு நல்ல ஆளாக் கூப்பிடலாமே?"

"கூப்பிட்டேனே! ரெண்டு வருஷமா, 'அடுத்த ஞாயித்துக்கிழமை'ன்னுதான் பதில் வருது. இரும்புப் பைப் உள்ள பூரா துரு. ஒரு வாளி நிறைய அரை மணி ஆகுது, அதுவும் செம்மண் கரைச்ச மாதிரி. புதன்கிழமை என் மக கைக்குழந்தையோட வர்றா. பேத்தி வீட்டுக்கு முதல் தடவையா வருது. அந்தத் துருத்தண்ணியிலயா குளிப்பாட்டுறது?" அதுவரை கணீரென்று இருந்த குரல் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது.

"யாரும்மா அந்தப் படுபாவி? கையில கிடைச்சான்னா காதைத் திருகிடுவேன்!"

அலமாரிக்குப் பின்னால் பிளம்பர் தன் காதைத் தடவிக்கொண்டார். தொழில் மானம் போகிறதே என்று வருத்தம்.

"திட்டாதீங்க. பெரிய வேலைக்காரர், நேரமில்ல" என்று சொல்லிவிட்டு, அந்தம்மா கனத்த பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.

கடைக்காரர் ஓடி வந்தார். "பிளம்பரண்ணே, கேட்டீங்களா! என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்ல. பேசாம உங்ககூட வேலைக்குச் சேர்த்துக்குங்க!"

பிளம்பர் போனை எடுத்தார். "ஐயா, நாளைக்கு உங்க வீட்டுக்கு வர முடியாதுங்க... வேற இடத்துல கையாள் வேலைக்குப் போறேன்."

"கையாளா? நீங்களா? யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

பொறுக்கிய எல்போக்களை அப்படியே பெட்டியில் கொட்டிவிட்டு, பிளம்பர் வாசலைப் பார்த்து நடந்தார்.

"இப்ப போறாளே, அவளுக்குத்தான். இத்தனை வருஷமா சாப்பிடும்போது தொழிலைப் பத்தி நான் அளந்ததெல்லாம் சுவத்துக்குச் சொல்ற மாதிரின்னு நினைச்சேன். ஒரு வார்த்தை விடாமக் கேட்டிருக்கா, என் பொண்டாட்டி!"