நான்காவது அறை

அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வீட்டுக்குள் அறைகள், அறைக்குள் ஆட்கள் என்று அடுக்கடுக்காக எழுதிய எக்ஸ்எம்எல் கோப்புகள் அவளுக்கு வரும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளை அவள் ஏற்கவோ நிராகரிக்கவோ வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் நிராகரிக்காத மாற்றமெல்லாம் தானாகவே ஏற்கப்பட்டுவிடும்.

இன்று எங்கள் வீட்டின் கோப்பு வந்தது. பழையதில் மூன்று அறைகள், புதியதில் நான்கு. அக்காவின் அறையிலிருந்த என் பெயர் நான்காவது அறைக்கு மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் யார் என்ற இடம் காலியாக இருந்தது.

“உனக்கு வந்த வாழ்வ பாருடி, தனி ரூமு! இனிமே என் போர்வைய இழுக்க மாட்ட” என்று சிரித்தபடி நிராகரித்தாள்.

அரை மணி நேரத்தில் அதே மாற்றம் திரும்ப வந்தது. நிராகரிக்க நிராகரிக்க வந்துகொண்டே இருந்தது. ஏழாவது தடவை அவள் சிரிக்கவில்லை. அந்த அறைக்குக் கதவு பூஜ்யம், ஜன்னல் பூஜ்யம் என்று போட்டிருந்தது.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எட்டாவது தடவையாக வந்தது. நிராகரிக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. இந்தக் கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்றது திரை.

“என் கையப் பிடிச்சுக்கோ. விட்டுடாதடி” என்றாள் அக்கா. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

மணி ஐந்தானது. எதுவும் நடக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அக்கா தன் கையைப் பார்த்தாள். “அம்மா, இவளக் காணோம்மா!” என்று அலறினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். “இங்கதான்க்கா இருக்கேன்” என்றேன். என் குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.