அழுகைத் தடை

நறுமுகைக்கு மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கும் அரிய நோய். விம்மி அழுதால் மூச்சு வேகமாகி, கைகால் விழுந்துவிடும் என்று சின்ன வயதிலேயே அவளுக்கு அழுகையைக் கண்டறிந்து எச்சரிக்கும் நெற்றிப்பட்டைக் கருவியை மருத்துவர்கள் மாட்டிவிட்டார்கள். அவள் உதடு பிதுங்கினாலே பட்டை அதிரும். உடனே அம்மா ஓடிவந்து முதுகைத் தட்டுவாள். “அழாத தாயி. மெதுவா மூச்சு விடு.”

அம்மா இறந்த அன்றும் பட்டை அதிர்ந்தது. தென்காசி வீட்டு வாசலில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோது, அப்பா தவசி மகளை மாடியறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். அம்மாவைத் தூக்கிச் சென்றதை அவள் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மாலை, பட்டை பேசியது.

“பழைய விதி வேறு நாட்டுக் குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. உங்கள் பகுதி நோயாளிகளின் விவரம் இப்போதுதான் சேர்ந்தது. அழுகையால் உங்களுக்கு ஆபத்தில்லை. தடை நீக்கப்படுகிறது.”

தவசி அப்படியே தரையில் உட்கார்ந்தார். “இத அன்னைக்கே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா?”

சாவு நாளன்று, தொட்டால் அழுதுவிடுவாளோ என்று பயந்து அவளைவிட்டு விலகி நின்ற பெரியம்மா இப்போது நெருங்கி வந்தாள். “இனி அழுதுக்கோ தாயி” என்று கட்டிக்கொண்டு, தங்கையின் பெயரைச் சொல்லிக் கதறினாள்.

நறுமுகையின் கண்கள் காய்ந்தே இருந்தன. அவள் கை தானாகவே பெரியம்மாவின் முதுகைத் தட்டியது.

“அழாதீங்க பெரிம்மா. மெதுவா மூச்சு விடுங்க.”