பாசி கழுவிய தண்ணீர்

“பாசியை எந்தத் தண்ணியில கழுவினீர்?”

விரிவுரையாளர் இரத்தினசிங்கத்துக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆய்வுகூடத்திலிருந்த மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜுமானா குடுவையைத் தூக்கிப் பார்த்தாள். குடுவையில் கரைசல் பாலாய் வெளுத்துக் கிடந்தது.

கடற்பாசிச் சாற்றில் வெள்ளி நைத்திரேற்றைக் கலந்தால், வெள்ளி நுண்துகள்களாகிக் கரைசல் தேத்தண்ணி நிறத்துக்கு வரவேண்டும். கிருமியைக் கொல்வது அந்தத் துகள்கள்தான். காய்ச்சி வடித்த தண்ணீர் இல்லாவிட்டால், குழாய்த் தண்ணீரின் குளோரைட்டோடு வெள்ளி சேர்ந்து வெள்ளையாய்த் திரண்டு எல்லாம் பாழ்.

“இது குழாய்த் தண்ணி! வடிச்ச தண்ணி எடுக்கப் பஞ்சிப்பட்டுப் பைப்பைத் திறந்திருக்கிறீர், என்ன?”

பக்கத்தில் நின்ற சிநேகிதி பஸ்மியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜுமானா அவளது கையை அழுத்திப் பிடித்தாள்.

“ஓம் சேர். என்ட பிழைதான்.”

கொழும்பு மாநாட்டில் ஆய்வை வாசிக்க இருந்தவள் அவள். உப்புவெளிக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி சேர்த்தவளும் அவள்தான். கவனமில்லாதவளுக்கு மேடை எதற்கு? சேர் அன்றே அவளது பெயரை வெட்டி, சகமாணவன் துவாரகனின் பெயரை அனுப்பிவிட்டார்.

மாநாட்டு நாளன்று பஸ்மியா புதிதாய் வாங்கிய வடித்த தண்ணீரில் செய்த கரைசல் அருமையாக நிறம் மாறியது. சேருக்கு வாயெல்லாம் பல்.

“பார்த்தீரா? நல்ல தண்ணி எண்டால் தானா வரும்.”

“அண்டைக்கும் வடிச்ச தண்ணி வைக்கிற பிளாஸ்ரிக் கானில இருந்து எடுத்துத்தான் சேர் கழுவினவள்.”

“கானுக்குள்ள குழாய்த் தண்ணி எப்பிடி வந்தது?”

பஸ்மியா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“முதல் நாள் நீங்கதான் சேர், கானில இருந்ததை உங்கட கார் பற்றறிக்கு ஊத்திப்போட்டு, குழாயில பிடிச்சு நிரப்பி வச்சீங்க. நான் கண்டனான். அவள் அந்தத் தண்ணியைப் பாவிப்பாள் எண்டு நினைக்கேல்ல.”

இரத்தினசிங்கம் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு மாற்றி வைக்கலாம் என்று விட்டது. அடியோடு மறந்துபோனது. இந்நேரம் கொழும்பில் துவாரகன் வாசித்துக்கொண்டிருப்பான். அந்தப் பிள்ளையை எவ்வளவு ஏசிவிட்டேன்!

“இது ஜுமானாவுக்குத் தெரியுமே?”

“கரைசல் வெளுத்த உடனேயே சொல்லிட்டன் சேர்.”

“பிறகேன் தன்ட பிழை எண்டவ?”

“‘இத்தனை பேருக்கு முன்னால சேர் தலைகுனியக் கூடாது. பிறகு ஆறுதலா என்னைத் தனியக் கூப்பிட்டு என்ன நடந்ததெண்டு கேட்பார், அப்ப சொல்லுவன்’ எண்டவள். நீங்க கூப்பிடவே இல்லையே, சேர்.”